தம்பியின் விலை ஒரு மூட்டைத் தவிடு

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அழவைக்கப் பெரியவர்கள் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. "ஒன்ன எங்க பெத்தோம், தவுட்டுக்குல்ல வாங்குனோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடவாசல் சுற்றுவட்டாரத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்காது. மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு விளையாடப் போய்விடும். நான் சண்டைக்கு நிற்பேன். எத்தனை படி தவிடு கொடுத்தீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று குறுக்கு விசாரணை செய்வேன். கேலி செய்தவர் பாதியிலேயே எழுந்து போனதுண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. படிப்பில் நான்காம் வகுப்பு, வாயில் பத்தாம் வகுப்பு.

இந்தக் கேலிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு சடங்கு இருக்கிறது. பிறந்த பிள்ளை தங்காத வீட்டிலும், பிள்ளையால் பெற்றவளுக்கு ஆகாது என்று பயப்படுகிற வீட்டிலும் அதைச் செய்வார்கள். குழந்தையைப் புது முறத்தில் கிடத்தி உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் கொடுப்பார்கள். அவள் பெற்றவளின் முந்தானையில் ஒரு கை தவிட்டைப் போடுவாள். தவிடு விழுந்ததும் பிள்ளை கைமாறிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் பேருக்குத்தான். ஐந்து நிமிடத்தில் பிள்ளை பசிக்கு அழும், பழைய மடிக்கே திரும்பி வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சடங்கு நுழைந்ததற்குக் காரணம் அம்மாவின் நோய். ஊரில் அதற்குப் பல பெயர்கள். ஜன்னி என்பார்கள், புத்தி பிசகு என்பார்கள், நான் பக்கத்தில் இல்லையென்று நினைத்தால் பைத்தியம் என்றே சொல்வார்கள். நான் எப்போதும் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைப் பெற்ற இரண்டாம் வாரத்தில் அம்மாவுக்குத் தூக்கம் நின்றுபோனது. நாலைந்து நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. பிள்ளை மேல் அழுக்கு இருக்கிறது என்று சொல்லி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை என்னைக் குளிப்பாட்டியிருக்கிறாள். கடைசியில் ஓர் உச்சிவேளையில் என்னைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கே போய்விட்டாள். நடவு வயலில் நின்ற அப்பா ஓடிவந்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி என்னை வாங்கினாராம். அம்மாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, என்னைச் சீர்காழிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்றரை வயதில்தான் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அம்மா தினமும் மாத்திரை போட்டாள், நன்றாக இருந்தாள். நடவுக்குப் போனாள், என்னைக் கொஞ்சினாள், முதுகில் நாலு போட்டாள், மற்ற அம்மாக்கள் செய்கிற எல்லாவற்றையும் செய்தாள்.

பல வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். ஊரில் சந்தோஷப்பட்டவர்களைவிட உச்சுக்கொட்டியவர்கள் அதிகம். மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெருவில் நாலு பேர் சொன்னதை நம்பி, அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்றாம் மாதம் ஒரு நாள் உலை வைத்துவிட்டு, அரிசியே போடாமல் வெறும் தண்ணீரைக் கிண்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நான் பையோடு அப்படியே நின்று பார்த்தேன். அன்று ஊருக்கு வந்திருந்த நர்ஸம்மாவிடம் நேராக ஓடினேன்.

நர்ஸம்மா எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் மொபட்டில் வருகிறவர். மொபட் வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும். "மாத்திரைய நிறுத்தச் சொன்ன மவராசிங்க யாரு? பிள்ளை பொறந்தா வந்து பாத்துக்குவாங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டு, மறுநாளே அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். மனநல டாக்டர் கர்ப்பத்துக்குத் தகுந்தபடி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பிள்ளை பெற்ற பிறகும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, அதைவிட முக்கியமாகத் தூக்கம் கெடக் கூடாது என்றார். அம்மாவுக்கு நோய் தூக்கத்தின் வழியாகத்தான் உள்ளே வருமாம்.

நர்ஸம்மா எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டுக் கொடுத்தார். தினமும் காலையில் அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்டு அதில் எழுத வேண்டும். நாலுக்குக் கீழே போனால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் லீடர் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் இருந்த எனக்கு இது பெரிய உத்தியோகம். அட்டையில் என் பெயரை அம்மாவின் பெயரைவிடப் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கம் கெடாமல் இருப்பது எப்படி? அதற்கு வழி கண்டுபிடித்தவர் அப்பா. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் வாய்க்காலில் முறை வைப்பார்கள். மேலே இருக்கிற வயல்களுக்கு இத்தனை நாள், கீழே இருக்கிற வயல்களுக்கு இத்தனை நாள் என்று பிரித்து விடுவார்கள். எங்கள் வயல் கடைமடை. முறை வந்துவிட்டால் அப்பா மண்வெட்டியோடு மடையில் போய் நின்றுவிடுவார், ஒரு சொட்டுத் தண்ணீரை வேறு பக்கம் போக விட மாட்டார். அதே மாதிரி வீட்டிலும் முறை வைத்தார். ராத்திரி பத்திலிருந்து நாலு வரை அம்மாவின் தூக்க முறை. அந்த நேரம் பிள்ளை அப்பாவோடு கூடத்தில், டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர் பாலோடு. மற்ற நேரமெல்லாம் அம்மாவிடம். "மொறன்னா மொறதான். நடுவுல எவனும் வந்து மடைய ஒடைக்கக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைத் தவிர அங்கே உடைக்கக்கூடியவர் யாருமில்லை.

தம்பி பிறந்தான். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நோட்டில் ஆறு, ஐந்து, ஆறு, ஏழு என்று எழுதிக்கொண்டே போனேன். பத்தாம் நாள் சீர்காழியிலிருந்து அத்தை வந்தாள். அத்தை வந்தால் வீட்டுக்குள் டிராக்டர் புகுந்த மாதிரி இருக்கும். வந்த வேகத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், மாட்டுக்கு வைக்கோல் போட்டாள், என் தலையில் பேன் பார்த்தாள், நோட்டையும் வாங்கிப் புரட்டினாள். "இதுல ஒரு நாளு கொறைஞ்சாலும் இந்தப் பய என்னோட வந்துருவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கண் சிரிக்கவில்லை என்பதைக் குறுக்கு விசாரணையில் தேர்ந்த நான் கவனித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா பால் கறந்துகொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் நின்று பேசினாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன், வேலை எதுவும் இல்லாமல்தான். "பதினாறாம் நாளு தீட்டுக் கழிக்கையில தவுட்டுக்குக் குடுக்குற சாங்கியத்த வச்சுக்க தம்பி. பேருக்குன்னு அவகிட்ட சொல்லிடு. நான் வாங்குன கையோட மூணு மணி பஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன். ரெண்டு நாளு அழுவா. திரும்பியும் வாய்க்காலுக்கு ஓடுறதுக்கு அழுவுறது தேவல" என்றாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்றுதான் பொருள். அத்தை ஏற்பாடு செய்துவிட்டு மறுநாள் ஊருக்குப் போனாள்.

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் அத்தை பயந்தபடியே ஆகிவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டாம் நாள் காலையில் வழக்கம்போல் நோட்டோடு போனால், அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தாளாம். "ரெண்டு மணி நேரங்கூட இருக்காதுடி" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆறு என்று எழுதினேன். எண் கொஞ்சம் கோணலாக வந்தது. நர்ஸம்மாவிடமும் நான் போகவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் தலையில் ஏறவில்லை.

பதினாறாம் நாள் காலையில் அத்தை பெரிய நீலப் பையோடு வந்து இறங்கினாள். அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பையைத் திறந்து பார்த்தேன். குட்டிக் குட்டிச் சட்டைகள், புதுப் பால் புட்டி, ஒரு கிலுகிலுப்பை. இனி யோசிக்க நேரமில்லை. என் மூளைக்கு எட்டியது ஒன்றுதான். இது யாவாரம். அத்தை கொடுக்கப்போவது ஒரே ஒரு கை தவிடு. அதைவிட அதிகமாக யாராவது கொடுத்தால் பிள்ளை அவர்களுக்குத்தானே? முதல் நாள் எங்கள் நெல்லை அரைத்த தவிடு மில்லிலேயே கிடப்பது எனக்குத் தெரியும்.

அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு மில்லுக்கு ஓடினேன். மில்லில் இருந்த அண்ணனிடம் மாட்டுக்கு அவசரமாகத் தவிடு வேண்டுமென்று சொன்னேன். மாடு அப்படி என்ன அவசரத்தில் இருக்கிறது என்று அவர் சிரித்தார், ஆனாலும் ஒரு மூட்டையைத் தூக்கிக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து என்னைவிட நாலு மடங்கு கனம். தள்ளத் தள்ள வலப்பக்கம் சாய்ந்தது. பாதி வழியில்தான் மூட்டையில் ஓட்டை இருப்பதைக் கவனித்தேன். ரோட்டில் எனக்குப் பின்னால் தவிட்டால் நீளமாக ஒரு கோடு. அதைக் கொத்திக்கொண்டு ஏழெட்டுக் கோழிகள், அவற்றை விரட்டிக்கொண்டு யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ ஒன்று. தம்பியின் விலை வழியெல்லாம் சிந்துகிறதே என்று அழுதுகொண்டே தள்ளினேன். ஒரு கையால் ஓட்டையைப் பொத்தினால் சைக்கிள் சாய்கிறது. சைக்கிளைப் பிடித்தால் தவிடு கொட்டுகிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. கூடத்தில் நாலைந்து உறவுக்காரர்கள். தம்பி முறத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா மஞ்சள் பூசிக் குளித்து, முந்தானையை ஏந்திக்கொண்டு, பேருக்குத்தான் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை மூடிய கையை நீட்டிவிட்டாள். கையைத் திறப்பதுதான் பாக்கி. நான் சைக்கிளை அப்படியே விட்டேன். அது வாசற்படியில் விழுந்து, மூட்டை பிரிந்து, கூடம் வரைக்கும் தவிட்டுப் புழுதி பறந்தது.

"அத்தை ஒரு கைதான் தராங்க! நான் ஒரு மூட்டை தரேன்! தம்பிய எனக்குக் குடுங்க!" என்று கத்தினேன்.

முதலில் சிரித்தவள் அம்மா. தலையெல்லாம் தவிடாக நின்ற என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எதுக்குடி வாங்கணும்? அத்தைதான் அஞ்சு நிமிசத்துல திருப்பித் தந்துருவாங்களே" என்றாள்.

"தரமாட்டாங்க. பையில சட்டையெல்லாம் வச்சிருக்காங்க. மூணு மணி பஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. அப்பாவுக்கும் தெரியும்."

சிரிப்பு நின்றுபோனது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தவிட்டைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கவே கூடாது, இனி இவள் தூங்கவே மாட்டாள், எல்லாம் முடிந்தது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை மழுப்பவில்லை. "ஆமாம்மா. மறைச்சது தப்புத்தான். எனக்கு ஒன் மேல கோவமில்ல, பயம். போன தடவை நடந்தத நெனச்சா இன்னிக்கும் ஈரக்கொலை நடுங்குது" என்றாள்.

அம்மா ஏந்தியிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னிடம் நோட்டை எடுத்து வரச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. நாலுக்குக் கீழே ஒரு எண்கூட இல்லாத நோட்டு அது. சிட்டாகப் பறந்து எடுத்து வந்து கொடுத்தேன். அம்மா பக்கத்தைப் புரட்டி, அந்தக் கோணல் ஆறில் விரலை வைத்தாள்.

"இது பொய்யி அண்ணி. அன்னிக்கு நான் தூங்கவே இல்ல. இவ எனக்காவ ஆறுன்னு எழுதியிருக்கா."

அம்மாவின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. ஜெயிக்கப்போகிற நேரத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா? அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையைப் பார்த்தே பேசினாள்.

"விடிஞ்சதும் நர்ஸம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். அவங்க டாக்டருகிட்ட கேட்டு மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க. மறுநாளு தூங்கிட்டேன். போன தடவை எனக்கு என்னா நடக்குதுன்னே தெரியல. இப்பத் தெரியுது. தெரிஞ்சா வாய விட்டுச் சொல்றேன். சொல்லத் தெரிஞ்சவகிட்டேருந்து பிள்ளைய ஏன் அண்ணி தூக்கிட்டுப் போறீங்க? பிள்ளைய நான் குடுக்கமாட்டேன். நீங்க இருங்க."

தம்பி முறத்தில் நெளிந்து கொட்டாவி விட்டான். அப்போதுதான் அப்பா தொண்டையைச் செருமினார். பத்து நாளாக அவர் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தை அன்றுதான் நான் கவனித்தேன். "அக்கா, மொறைக்கு ஓராளு கொறையுது. நான் ஒருத்தனே மடையில நிக்கிறேன்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். மூடிய கையிலிருந்த தவிட்டை மாட்டுத் தொட்டியில் போட்டாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முறத்திலிருந்து தம்பியைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். "தவுடு அள்ளுறதுக்கு யாராவது ஒரு வெளக்கமாறு குடுங்க" என்று அதட்டினாள். அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூடத்தில் அவளைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தவிட்டில் குதித்துக் குதித்து ஆடினேன். முதுகில் ஒன்று விழுந்தது, அதுவும் வலிக்கவில்லை.

அந்தத் தம்பி இப்போது தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிறான், நிலைப்படியில் குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறான். அம்மா இன்றும் சாப்பிட்டதும் மாத்திரை போடுகிறாள். நடுவில் இரண்டு தடவை சரிவு வந்தது, இரண்டு தடவையும் அவளே முதலில் சொன்னாள். தன்னைப் போன்ற கர்ப்பிணி யாராவது அக்கம்பக்கத்து ஊரில் இருந்தால், இப்போது புதிதாக வந்திருக்கும் நர்ஸ், எங்கள் அம்மாவையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறார். சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல், "நேத்து தூங்குனியா?" என்றுதான் அம்மா பேச்சைத் தொடங்குவாள்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? அம்மா நடுவில் உண்மையை உளறிக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள், நல்லவேளை நான் கொண்டு வந்த மூட்டை காப்பாற்றியது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். தோற்றுப்போன அத்தை ஏன் மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை? அவள் நீலப் பையைப் பிரித்து, குட்டிச் சட்டைகளை எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கவிட்டாள். சீர்காழியில் தன் வீட்டைப் போட்டுவிட்டு ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள், அப்பாவின் முறையில் பாதியை வாங்கிக்கொண்டாள், தினமும் காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து தம்பியின் பீத்துணியைத் துவைத்தாள். யாவாரத்தில் தோற்றவர்கள் ஜெயித்தவர்கள் வீட்டுத் துணியைத் துவைக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஜெயித்த திமிரில் ஒரு நாள்கூட அவளுக்கு ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக் கொடுக்கவில்லை.